சாட்சியும் கணக்கும்

1

கடவுளின் தரப்பைக் காப்பாற்றப் பொய்யைத் துணைக்கு அழைக்கலாமா என்ற கேள்வி யோபுவின் புத்தகத்தில், 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. கேட்பவன் யோபு. கேட்கப்படுபவர்கள் அவனுடைய சிநேகிதர்கள். அவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. அவன் துக்கத்தைக் கேள்விப்பட்டு வந்து, ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். வாய் திறந்ததும், கடவுள் நியாயவான் என்ற முடிவை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும்படி யோபுவின் வாழ்க்கையைத் திருத்திப் படிக்கத் தொடங்குகிறார்கள். யோபுவின் கோபம் அவர்களுடைய விசுவாசத்தின்மீது அல்ல, அந்தத் திருத்தத்தின்மீது.

இந்த அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்தே படித்திருக்கிறேன். ஆனால் அதன் கூர்மை எனக்கு உறைத்தது வேதபாடத்தினால் அல்ல. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நானே பென்சிலால் எழுதியிருந்த ஒரு வரியினால். அந்த வரி இது: பஞ்சர் கடை, ராத்திரி வேலை, 7.00.

2

1981 மே மாதம் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த 11 பேர், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடிக்குச் சைக்கிளில் போனோம். சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே கரையிறங்கி அந்த வருஷத்தோடு 275 வருஷம். அதை முன்னிட்டு ஒரு விசுவாசப் பயணம் என்று சபையில் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி, ராமநாதபுரம், தொண்டி, முத்துப்பேட்டை, வேளாங்கண்ணி, நாகூர், காரைக்கால் வழி. சுமார் 400 கிலோமீட்டர். எனக்கு வயது 23. கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. சபை நிதியிலிருந்து கொடுத்த பணத்துக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்படைக்கவேண்டும் என்று சபைப் பொருளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சைக்கிள் பயணம் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். இரண்டாம் நாள் பாட்டு மிதியின் தாளத்துக்கு மட்டும் உபயோகமாக இருந்தது. மூன்றாம் நாள், தொண்டியைத் தாண்டி, கடற்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது யாரும் பாடவில்லை, பேசவில்லை. கால் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் என்பது பின்னால் கேரியரில் கட்டிய மூட்டைபோல ஆகிவிட்டிருந்தது. இருக்கிறது என்று தெரியும், ஆனால் ஓட்டுவது அது இல்லை. எனக்கு வாய்த்த மத அனுபவம் என்று ஏதாவது உண்டென்றால் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சொல்வேன். ஊர் திரும்பிய பிறகு அதைப்பற்றி யாரும் சாட்சி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதில் கதை இல்லை. கதையில்லாத ஒன்றைச் சாட்சி மேடையில் வைக்க இடமில்லை.

கதை கிடைத்தது நான்காம் நாள் ராத்திரி.

முத்துப்பேட்டையில் தங்குவதாக ஏற்பாடு. எங்களுக்குத் தலைவனாக இருந்த நண்பன் ஜெபம் செய்துவிட்டு, திருத்துறைப்பூண்டிவரை போய்விடலாம் என்றான். இருட்டில் கிளம்பினோம். பாதி வழியில் சாலையில் விறகுக்கு வெட்டிய கருவேல முள் கொத்தாகச் சிந்திக் கிடந்தது. நான்கு சைக்கிள் ஒரே சமயத்தில் காற்று இறங்கியது. ஒருவன் விழுந்து முன்சக்கரம் கோட்டமாகிவிட்டது. எங்களிடம் ஒட்டுச் சாமான் இருந்தது. ஆனால் தொண்டியில் ஒரு டியூபை ஒட்டிவிட்டு சொல்யூஷன் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டவன் நான். உள்ளே எல்லாம் காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. டைனமோ விளக்கு சக்கரம் சுற்றினால்தான் எரியும்; நின்றவனுக்கு வெளிச்சம் கிடையாது. இருட்டில் வட்டமாக நின்று ஜெபித்தோம். பிறகு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

ஒரு மணி நேரம் நடந்தபின், குடிசை ஒன்றின் முன்னால் பழைய டயர் தொங்குவது தெரிந்தது. எழுப்பினோம். நாற்பது வயதிருக்கும் ஒருவர் வெளியே வந்து, சைக்கிள்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அரிக்கேன் விளக்கோடும், ஏழெட்டு வயதுப் பெண் ஒன்றோடும் திரும்பி வந்தார். விளக்குப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. எங்களில் யாரும் அதற்கு முன்வரவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தோன்றியது. அந்தப் பெண் நின்றபடியே தூங்கிவிழுந்தது. "வெளக்க நேராப் புடி" என்று இரண்டு தடவை அதட்டினார். தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தை அவர் விரல் தேடியபோது 11 பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நுழைந்த இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் அமுக்கிப் பார்த்து, அடுத்தது. கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றிக் கம்பி கம்பியாக முறுக்கிக் கோட்டம் எடுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அந்த விளிப்பு அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்கவேண்டும். மனசுக்குள் கணக்குப் போட்டு ஏழு ரூபாய் என்றார். பத்து ரூபாய்த் தாளை நீட்டினேன். சில்லறை இல்லை. இருக்கட்டும் அண்ணாச்சி, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்துவிட்டோம் என்றேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளே போனார். பெண்சாதியை எழுப்பும் குரல் கேட்டது. டப்பா திறக்கும் சத்தம். மூன்று ரூபாயைக் காசுகளாகக் கொண்டுவந்து என் கையில் எண்ணி வைத்தார். "கணக்கு கணக்குதான் தம்பி" என்றார்.

அங்கேயே விளக்கு வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன்.

3

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு மாலை ஆராதனையில் நண்பன் சாட்சி சொன்னான். நல்ல குரல் அவனுக்கு. முள், இருட்டு, ஜெபம் எல்லாம் நடந்தபடிதான் சொன்னான். காய்ந்த சொல்யூஷனை எனக்காக விட்டுவிட்டான். முத்துப்பேட்டையில் தங்காததைத் தனக்காக விட்டுவிட்டான். பிறகு, ஜெபித்து முடிக்கும்போதே தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது என்றான். ஒரு மனிதர் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தார், எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்தார், பணம் நீட்டினோம், வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார் என்றான். சபையில் ஸ்தோத்திரம் என்று குரல் எழுந்தது. என் சட்டைப்பையில் அந்த நோட்டு இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். அவன் கலங்கவில்லை. "ஏல, நான் பொய்யா சொன்னேன்? அவரு துட்டு வேண்டாம்னு கையசைச்சாரா இல்லையா?" என்றான். அசைத்தார். அதுதான் விஷயம். மூன்று ரூபாய்க்கு அசைத்த கையை அவன் பத்து ரூபாய்க்கு அசைத்ததாக ஆக்கிவிட்டான். நடுவில் இருந்த ஏழு ரூபாய் காணாமல் போயிற்று.

அந்த வாரமே கணக்கை ஒப்படைத்தேன். பொருளாளர் வரி வரியாகப் பார்த்தார். 7.00 என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஞாயிறு மாலை அவரும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து சாட்சியைக் கேட்டவர். ஒன்றும் பேசாமல் அடியில் கையெழுத்துப் போட்டார். ஒரே ராத்திரிக்கு எங்கள் சபையில் இரண்டு ஆவணங்கள் ஏற்பட்டன. இரண்டும் அங்கீகரிக்கப்பட்டன.

4

இதைப் பெரிதுபண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஏழு ரூபாய் விவகாரம். கேட்டவர்களுக்கு நன்மைதான், அந்த மனிதருக்கும் பெருமைதான். ஆனால் எனக்குத் தீராமல் இருக்கும் கேள்வி பொய்யின் அளவைப் பற்றியது அல்ல, அதன் திசையைப் பற்றியது. ஏன் கூலி மறையவேண்டியிருந்தது? விளக்கைப் பிடித்த பெண் ஏன் மறையவேண்டியிருந்தது? கருணை என்று ஒன்றை நாம் அடையாளம் காண, அதிலிருந்து கூலியும் அதட்டலும் தூக்கமும் ஏன் கழிக்கப்படவேண்டும்?

எல்லாம் கடவுளின் செயல் என்று சொல்லும் தரப்பு ஒன்று இருக்கிறது. அதன் மிகத் தீவிரமான வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1095ஐ ஒட்டித் தத்துவவாதிகளை மறுத்து அல் கஸ்ஸாலி எழுதிய நூலில், பஞ்சும் நெருப்பும் சேரும்போது பஞ்சை எரிப்பது நெருப்பல்ல, இறைவனே என்று வாதிக்கிறார். இரண்டும் சேர்ந்து நிகழ்வதை நாம் பார்க்கிறோம். ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதை நாம் பார்ப்பதில்லை. ஆறு நூற்றாண்டுகள் கழித்துப் பிரான்ஸில் மாலபிராஞ்ஷ் கிறிஸ்தவத் தரப்பிலிருந்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறார். சிருஷ்டிகள் சந்தர்ப்பங்கள் மட்டுமே, காரணம் கடவுள் ஒருவரே என்கிறார்.

இந்தத் தரப்பை முழுக்க ஒப்புக்கொண்டாலும் நண்பனின் திருத்தத்துக்கு நியாயம் கிடைப்பதில்லை. எல்லாமே கடவுளின் செயல் என்றால் ஏழு ரூபாய் வாங்கியதும் அவர் செயல்தான், மூன்று ரூபாய் திருப்பிக் கொடுத்ததும் அவர் செயல்தான். இலவசமான வேலையில் கடவுள் இருந்தார், கூலி வாங்கியபோது விலகிக்கொண்டார் என்று கஸ்ஸாலி சொல்லமுடியாது. அதைச் சொல்வது இறையியல் அல்ல. அது நம் ருசி. பணத்தை அழுக்கு என்று நினைக்கும் ருசி. அதுவும் நம் பணத்தை அல்ல. நமக்கு வேலை செய்தவன் வாங்கும் பணத்தை.

அந்த ருசிக்கு என்ன வரலாறு என்று யோசிக்கும்போது நாங்கள் சைக்கிள் மிதித்த மண்ணே நினைவுக்கு வருகிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழைப்பகுதி அது. அந்தச் சாலையிலிருந்து அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். கூலி உயர்வு கேட்டதில் மூண்ட தகராறின் முடிவு அது. அந்தக் கிறிஸ்மஸ் ராத்திரி எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போயிருப்போம். 1981இல் அந்தச் சாலையில் நாங்கள் ஜெபித்த ஜெபம் ஒன்றிலும் கீழ்வெண்மணி வரவில்லை. தெரியாமல் அல்ல. விசுவாசப் பயணத்தில் அதற்கு இடமிருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. கூலி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு விலை கொடுக்கப்பட்ட மண்ணில், ஒரு மனிதன் கேட்டு வாங்கிய கூலியை, அவனைக் கௌரவிப்பதாக எண்ணிக்கொண்டு, நாங்கள் அழித்தோம்.

5

நல்ல சமாரியன் உவமை எங்கள் சபையில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பிரசங்கிக்கப்படும். லேவியனையும் ஆசாரியனையும் கடிந்துகொள்வார்கள், சமாரியனைப் புகழ்வார்கள். சத்திரத்தானைப்பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. லூக்காவின் 10ஆம் அதிகாரத்தில், புறப்படும்போது சமாரியன் அவன் கையில் இரண்டு பணம் கொடுக்கிறான். மேலே ஏதாவது செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். மத்தேயுவில் வரும் திராட்சத் தோட்டக் கதையில் ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆகவே சத்திரத்தான் வாங்கியது இரண்டு நாள் கூலி. வாங்கிக்கொண்டான். மறுக்கவில்லை. மீதிக்குக் கடன் கொடுக்கவும் சம்மதித்தான் என்றுதான் கொள்ளவேண்டும்.

அடிபட்டவனின் காயத்தைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, கழிவை அள்ளி, அவன் எழுந்து நடக்கும்வரை பார்த்துக்கொண்ட கை, அடுத்த நாள் கிளம்பிப் போன சமாரியனுடையது அல்ல. கூலி வாங்கிய கை. உவமையைச் சொன்னவர் இந்தத் தொகையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்கிறார். கருணையைப் பற்றிய கதையில் கணக்கு வருவதை அவர் அசிங்கமாக நினைக்கவில்லை. பிற்காலத்தில் பிரசங்கிகள்தான் நினைத்தார்கள்.

பஞ்சர் கடைக்காரர் மூன்று ரூபாயைத் திருப்பித் தந்ததை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தூக்கத்தைக் கெடுத்ததற்கு விலை என்று நான் நீட்டியது அது. அவர் வேலைக்கு விலை சொன்னார்; தூக்கத்துக்கு விலை சொல்ல மறுத்தார். நான் உங்களுக்குத் தர்மம் செய்யவில்லை, நீங்களும் எனக்குத் தர்மம் செய்யவேண்டாம் என்பது அதன் அர்த்தமாக இருக்கலாம். அந்த ஏழு ரூபாய் எங்களை அவருக்குச் சமமாக நிறுத்தியது. கொடுத்து முடித்த பின் எங்களுக்கு அவர்மீது பாக்கி இருந்தது நன்றி மட்டுமே. சாட்சியில் அவரை வள்ளலாக்கியபோது இந்தச் சமநிலை குலைந்தது. உயர்ந்தது அவர் அல்ல. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி இலவசமாக வேலை செய்யவைக்கும் அளவுக்குக் கடவுளுக்கு வேண்டப்பட்ட 11 பேர் உயர்ந்தார்கள். சாட்சியின் கதாநாயகர்கள் நாங்கள்தான்.

தெரியாமல் தேவதூதர்களை உபசரித்தவர்கள் உண்டு என்று எபிரேயருக்கு எழுதின நிருபம் சொல்கிறது. நாங்கள் தெரிந்தே ஒரு மனிதனைத் தேவதூதன் ஆக்கினோம். தேவதூதனுக்குச் சாப்பாடு வேண்டாம், பெண்சாதி இல்லை, சில்லறை வைக்கும் டப்பா இல்லை. அவனுக்கு எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.

6

இது எங்கள் சபையின் குற்றம் மட்டும் அல்ல. நாங்கள் போய்ச் சேர்ந்த தரங்கம்பாடியிலேயே இதன் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில், அடுத்த வருஷம் இறந்த சீகன்பால்குவின் கல்லறைமுன் நின்று ஜெபித்தோம். அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதை அறிந்திருந்தோம். தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் கேட்டும் படித்தும் தொகுத்து 1713இல் முடித்த பெரிய நூலைப் பற்றி அப்போது நான் அறியவில்லை. அதை ஜெர்மனியில் ஹாலேயில் இருந்த அவருடைய ஆதரவாளர் பிராங்கே அச்சேற்றவில்லை. 1867இல்தான், அதுவும் சென்னையில், அது வெளிவந்தது. மிஷன் செய்திகள் மட்டும் ஹாலேயிலிருந்து தொடர்ந்து அச்சாகி, கொடையாளர்களிடம் போய்க்கொண்டிருந்தன, தொகுப்பாளர்களின் கை பட்டு. கொடையாளன் கேட்க விரும்புவது அச்சாகும். எதிரே இருந்த மனிதர்கள் யார் என்பது 150 வருஷம் பெட்டியில் காத்திருக்கும். எங்கள் நோட்டைப் போல.

அகஸ்தீன் 395ஐ ஒட்டிப் பொய்யைப்பற்றி எழுதிய நூலில் பொய்களை எட்டு வகையாகப் பிரிக்கிறார். எல்லாவற்றிலும் முதலில், மிகக் கொடியதாக, அவர் வைப்பது மதபோதனையில் சொல்லும் பொய்யை. கொலைகாரனிடமிருந்து ஒருவனைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யைக்கூட அவர் அனுமதிப்பதில்லை; அந்தக் கடுமை எனக்குச் சம்மதமில்லை. ஆனால் இந்த வரிசை எனக்குப் புரிகிறது. மற்றப் பொய்கள் ஒரு விஷயத்தை மறைக்கின்றன. இது நம்பும் சக்தியையே அரிக்கிறது. ஒரு தடவை பணம் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிட்டால், அதன்பின் உண்மையிலேயே பணம் வேண்டாம் என்ற ஒருவரைப்பற்றிச் சொல்ல வார்த்தை இல்லாமல் போகிறது.

7

இதுவரை நண்பனைப்பற்றி எழுதியதெல்லாம் எனக்கு வசதியாக இருக்கிறது. எனவே மீதியையும் சொல்லவேண்டும்.

1989இல் வேறொரு ஊரில் வாலிபர் முகாம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஜெபத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் முகம் வாடத் தொடங்கியிருந்தது. கையிலிருந்த கதையைச் சொன்னேன். முள், இருட்டு, விளக்கு. பணம் நீட்டினோம், வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார் என்றேன். நண்பனின் வாக்கியம், அதே வரிசையில், என் வாயிலிருந்து வந்தது. ஸ்தோத்திரம் என்று குரல் எழுந்தது. அந்தச் சமயத்தில் நான் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் பயங்கரம். கையசைத்துவிட்டு உள்ளே போகிறவரை என் மனக்கண்ணில் பார்த்தேன். திரும்பி வந்தவரைப் பார்க்கவில்லை. எட்டு வருஷத்தில் என் ஞாபகமும் சாட்சி சொல்லப் பழகிவிட்டிருந்தது.

பல வருஷங்கள் கழித்து, அம்மா காலமான பிறகு டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. பென்சில் மங்கியிருந்தது. 7.00 படிக்க முடிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டப்பா திறக்கும் சத்தமும் விளக்கு பிடித்த பெண்ணும் திரும்பி வந்தார்கள். எனக்கு உண்மையைக் காப்பாற்றி வைத்திருந்தது ஜெபமும் இல்லை, மனசாட்சியும் இல்லை. பொருளாளருக்குப் பயந்து எழுதிய ஒரு வரி.

அந்த ராத்திரியில் கடவுள் இருந்தாரா என்று என்னைக் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு இன்றும் நா வராது. தண்ணீர்ச் சட்டியில் குமிழி தேடிய அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குள் இருந்த மௌனம், ஆலயத்தில் நான் அறிந்த எந்த மௌனத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர் அங்கே இருந்தார் என்றால், ஏழு ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று ரூபாய் திருப்பித் தந்தவரோடு இருந்தார். நாங்கள் மேடையில் வைத்த ஆளோடு அல்ல.

இப்போது எழுதுவதும் ஒரு சாட்சிதான். ஆகவே இதிலும் எங்காவது கை புகுந்திருக்கும். சரிபார்க்க என்னிடம் இருப்பது அந்த நோட்டு மட்டும். அதில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சர் கடை என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் அவர் பெயரைக் கேட்கவில்லை.